லப்டொப்புக்கு எஞ்சின் மாற்றிய நமசிவாயம்

“ஹலோ... ஹலோ... கேக்குதோ?”

அறைக்குள்ளிருந்து லண்டன் மாப்பிள்ளை போட்ட சத்தத்தில், ஹோலில் இருந்த நமசிவாயத்தின் தேத்தண்ணி உடுத்திருந்த சாரத்தில் கொட்டியது. பெடியனும் பிள்ளையும் பத்து நிமிடம் வீடியோவில் தனியாகக் கதைக்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வந்து மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளே ஓடினார். மகள் சுபோதினி லப்டொப்பை மூடிக்கொண்டிருந்தாள்.

“படம் நிண்டிட்டுதாம் அப்பா. இந்த மிஷினோட நான் என்ன செய்யிறது?”

கட்டடக் கம்பனியில் பிளான் வரைகிற பிள்ளை. லப்டொப் ஆறு வருடப் பழசு. போனில் கதைத்தால் முகம் அகலமாகத் தெரியும் என்று முதலே சொல்லிவிட்டாள். லண்டன் பகுதி, சகுனம் சரியில்லை என்று நழுவிவிட்டது. மகளோ முப்பதைத் தொடப்போகிறாள்; நமசிவாயம் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

வெள்ளவத்தையில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருந்த பிரியந்தன் மெமறி கூட்டிக் கொடுத்தான். அடுத்தது நோர்வே. படம் கண்ணாடி மாதிரித் தெரிந்ததாம். கலியாணத்துக்குப் பிறகு வேலையை விடுவீரோ என்று மாப்பிள்ளை கேட்ட இடத்தில், பிள்ளையின் படம் வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டதாம். அந்தக் கோலத்தைக் கண்ணாடி மாதிரிப் பார்த்த நோர்வேயும் போனது.

புரொசெசரையே மாற்றச் சொன்னார் நமசிவாயம்.

“அங்கிள், இதில புரொசெசர் போர்டோட சேத்து ஒட்டினது. தனிய மாத்தேலாது. முழு போர்டையும் மாத்திற காசுக்குப் பாதிப் புது லப்டொப் வரும். பிரயோசனமில்லை.”

பழைய மொறிஸ் மைனர் காருக்கு எஞ்சின் மாற்றிப் பன்னிரண்டு வருடம் ஓட்டிய மனிதரிடம் சொல்லுகிற கதையா இது?

“தம்பி, வாற ஞாயிறு மெல்பேர்ண் மாப்பிள்ளை கதைக்கிறார். டொக்டர். பிரயோசனத்தை நான் பாக்கிறன், நீர் மாத்தும்.”

அதே மொடலுக்குப் பொருந்துகிற வேகமான போர்ட் எது என்று சுபோதினி கடதாசித் துண்டில் எழுதியே கொடுத்தாள். புறக்கோட்டையில் தேடிப் பிடித்தார்கள். புது போர்டுக்குப் பழைய பற்றறி ஒத்துவரவில்லை. பற்றறி மாற்றக் கழற்றியதில் கமெரா வயர் அறுந்தது. எல்லாம் முடிந்தபோது பழையதாக மிஞ்சியது மூடி மட்டும்தான். அடுத்த நாளே சுபோதினியின் ஒஃபிஸ் பிளான்கள் அதில் பறந்தன.

ஞாயிற்றுக்கிழமை கதவு சாத்தப்பட்டது. வெளியே நமசிவாயம் வைஃபை பெட்டியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றார். இரண்டு நிமிடம் நல்ல கதையும் சிரிப்புமாகக் கேட்டது. பிறகு, “ஹலோ? ஹலோ?”

போன் அடித்தது. மாப்பிள்ளையின் தாயார்.

நமசிவாயம் முந்திக்கொண்டார். புரொசெசர் இன்னும் போதவில்லை, நாளைக்கே புது லப்டொப் வாங்குகிறேன், ஒரேயொரு தரம் பொறுத்துக்கொள்ளுங்கோ என்று மூச்சுவிடாமல் கெஞ்சினார்.

அந்த அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு ஆறுதலாகச் சொன்னார்:

“வீணா வாங்காதேங்கோ அண்ணை. நானும் எட்டிப் பாத்தனான். படத்தில பிள்ளை மட்டும்தான் அசையாம நிண்டவ. பின்னால ஃபேன் சுத்திக்கொண்டெல்லோ இருந்தது.”