ஹனீன் வீட்டு ஹால்

“ஷர்வினி, மஞ்சள் அட்டை.”

கணினியில் புஷ்பவல்லி டீச்சரின் குரல் கேட்டதும் சபாபதி காப்பிக் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டார். நின்றதுதான் தப்பு. நடந்துகொண்டே இருந்திருந்தால் திரையை விட்டாவது வெளியே போயிருப்பார்.

“பின்னால யாரோ சட்டை இல்லாம கைலியோட நிக்கிறாங்க. வீட்டுல இருந்தாலும் இது ஸ்கூல்தான். நம்ம வகுப்புல ஒழுங்கு விஷயத்துல மன்னிப்பே கிடையாது. மூணு அட்டை வாங்கினா தலைவி பதவி போயிடும், ஞாபகம் இருக்கட்டும்.”

மகளின் முகம் சுண்டிப்போனது. நான்காம் ஆண்டின் வகுப்புத் தலைவி அவள். அந்த பேட்ஜை வீட்டில் இருக்கும்போதும் சீருடையில் குத்திக்கொண்டுதான் கணினி முன் உட்காருவாள். சபாபதி குனிந்து, தரையோடு தரையாக நகர்ந்து அடுப்படிக்குள் போய்ச் சேர்ந்தார்.

கிள்ளான் துறைமுகத்தில் லோரிக்காரர்களை அதட்டி வேலை வாங்குகிற மனுஷன். தொற்றுநோயால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கம்பெனியை மூடியதிலிருந்து, பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் பிள்ளைக்குக் காவல் இருக்கிறார். மனைவி புனிதாவுக்கு மருத்துவமனை இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊரே வீட்டில் அடைந்து கிடந்தாலும் அவள் மட்டும் விடிந்ததும் கிளம்பிவிடுவாள்.

அட்டையைக்கூட சபாபதி பொறுத்துக்கொண்டிருப்பார். அடுத்து டீச்சர் சொன்னதுதான் தாங்கவில்லை.

“எல்லாரும் ஹனீன் வீட்ட பாருங்க. பின்னால எவ்வளவு நீட்டா இருக்கு. வீடுன்னா அப்படி இருக்கணும்.”

ஹனீன், எதிர்வீட்டு ஜவுளிக்கடை பாவாவின் மகள். சபாபதி அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, பக்கவாட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். திரையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம். அதில் ஹனீனின் முகம். அதற்குப் பின்னால் தங்கக் கரை போட்ட திரைச்சீலை, கண்ணாடிக் கதவு அலமாரி, உள்ளே வரிசையாகப் பீங்கான் கோப்பைகள். சோபாவில் மயில்நீல மெத்தைகள் பூச்சூடின பெண்களைப் போல உட்கார்ந்திருந்தன.

சபாபதிக்கு வயிறு எரிந்தது. அவர் வீட்டு ஹாலிலும் சோபா உண்டு. அதன்மேல் மடிக்காத துணி மலையாகக் கிடந்தது. மூலையில் ஏதோ ஓர் அலமாரியும் இருந்தது. ஊரில் பஞ்சம் வந்துவிடும் என்று பயந்து அவரே வாங்கிவந்த மீ நூடுல்ஸ் பெட்டிகள் அதை மறைத்துக்கொண்டு கூரைவரை நின்றன.

“அப்பா, அந்த ஹால் வந்து...” என்று ஷர்வினி கிசுகிசுத்தாள்.

“உஷ். பேசாத. அதுக்கும் ஒரு அட்டை குடுத்துருவாங்க.”

மதியம் புனிதா போன் செய்தபோதும் அவருக்கு அந்த எரிச்சல் அடங்கவில்லை.

“பாவா வீட்டு ஹால நீ பாக்கணுமே புனிதா. கர்ட்டன் என்ன, அலமாரி என்ன. அவரு சம்சாரம் காத்தூன் பீவி அப்படி வெச்சிருக்கு. ஒரு பொம்பள கை பட்ட வீடுன்னா அதான் லா.”



“அப்ப நம்ம வீட்டுல யாரு கைங்க படுது?”

“சே, உன்ன சொல்லல லா.”

“சரி. அந்த மீ பெட்டிய எடுங்க எடுங்கன்னு எத்தன தடவ சொல்லிட்டேன். மொதல்ல அத செய்ங்க.” போனை வைத்துவிட்டாள்.

பெட்டியை எடுத்தால் அவளிடம் தோற்றதாகிவிடும். சபாபதி வேறு வழி யோசித்தார். மறுநாள் காலையில், இருப்பதிலேயே நல்ல கட்டில் விரிப்பை எடுத்து ஷர்வினிக்குப் பின்னால் திரையாகக் கட்டினார். நைலான் கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் முடிந்தார். மறுமுனைக்கு ஆணி இல்லை. மீ பெட்டியின்மேல் கட்டியிருந்த பட்டையில் இழுத்து முடிந்தார்.

பாவா வீட்டுத் திரைச்சீலைக்கு இது குறைச்சலா என்று தூர நின்று ரசித்தார். புழுக்கமாக இருந்ததால் மின்விசிறியையும் போட்டுவிட்டார்.

விரிப்பு காற்றில் உப்பியது. கயிறு இழுத்தது. உச்சிப் பெட்டி மெதுவாகத் தலை சாய்ந்தது. அதன் பின்னாலேயே மற்றவையெல்லாம் வந்தன. புஷ்பவல்லி டீச்சர் பின்னம் நடத்திக்கொண்டிருந்தபோது, வகுப்புத் தலைவியைச் சுற்றிலும் கறிச்சுவை மீ பொட்டலங்கள் மழையாகக் கொட்டின. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போனது.

முப்பது பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள்.

“ஷர்வினி, ரெண்டாவது அட்டை,” என்றார் டீச்சர். “மூணாவது வரைக்கும் காத்திருக்கணுமான்னு யோசிக்கிறேன். யாரு தலைவின்னு நாளைக்குக் காலையில முடிவு சொல்றேன். ஹனீன், நீ எதுக்கும் தயாரா இரு.”

சரிந்த பெட்டிகளுக்குப் பின்னால் அந்த அலமாரி தூசியோடு வெளியே தெரிந்தது. அதைப் பார்க்க சபாபதிக்கு எங்கே நேரம்? புனிதா வருவதற்குள் பெட்டிகளைப் பழையபடி அடுக்கி அதை மூடிவிட்டார்.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. பதவி போவதென்றால் யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும், பாவா மகளுக்கா போக வேண்டும்? துணி விற்கிறவனுக்கு இப்படி ஒரு ஹாலா? இத்தனைக்கும் கடை வேறு மூடிக் கிடக்கிறது. கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. மாலையில் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, நசுங்காத மீ பொட்டலங்களைப் பொறுக்கி எடுத்துப் போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

பாவா கதவை ஒரு சாண்தான் திறந்தார்.

“சபா அண்ணே, எதுக்கு இதெல்லாம்? உள்ள வாங்கன்னு கூப்பிடவும் முடியல, தப்பா நெனைக்காதீங்க.”

“பரவால்ல பாவா. பிள்ளைக்குக் குடுங்க.” சபாபதியின் கண் பாவாவின் தோளைத் தாண்டி உள்ளே போனது. புடவைக் கட்டுகள். தரையிலும் புடவைக் கட்டு, நாற்காலியிலும் புடவைக் கட்டு, ஜன்னல் பாதிவரைக்கும் புடவைக் கட்டு. “ஹால் எங்க பாவா?”

“இதான் அண்ணே ஹால். கடையில எலி வந்துருச்சி, அதான் சரக்கெல்லாம் இங்க கொண்டாந்து போட்டேன்.”

அலமாரி இல்லை. தங்கக் கரை இல்லை. சபாபதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்குள் ஓடி மகளைப் பிடித்தார்.

“ஹனீன் பின்னால தெரியற ஹால் அவங்க வீட்டுது இல்ல. எப்படி அது?”

“வர்ச்சுவல் பேக்ரவுண்ட்பா. எந்த போட்டோவ வேணாலும் பின்னால வெச்சிக்கலாம். ஆனா அந்த போட்டோ...”

“போதும். மிச்சத்த நாளைக்கு நான் பாத்துக்கறேன்.”

மறுநாள் புனிதா வேலைக்குக் கிளம்பி, வாசலில் காலணி மாட்டிக்கொண்டிருந்தாள். கணினியில் டீச்சர் தொண்டையைச் செருமினார். “தலைவி யாருன்னு சொல்லப் போறேன்...”

சபாபதி மகளின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இந்தத் தடவை சட்டை, பேண்ட், வாரிய தலை.

“ஒரு நிமிஷம் டீச்சர். ரூல்ஸ்னா எல்லாருக்கும் ஒன்னுதானே?”

“வகுப்பு நேரத்துல பெற்றோர் பேசக்கூடாது சார். ஷர்வினி, மூணாவது அட்டை.”

ஷர்வினி பேட்ஜைக் கையால் மூடிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. அதைப் பார்த்ததும் சபாபதிக்குத் திக்கென்றது. ஆனாலும் பொறாமை அவரை இந்த இடம்வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. இனி எப்படி நிறுத்துவார்?

“குடுங்க டீச்சர். ஆனா ஹனீனுக்கும் குடுக்கணும். பின்னால இருக்கறது அவங்க வீடே இல்ல. நேத்து நானே போய்ப் பாத்தேன். யாரு வீட்டையோ காட்டி ஏமாத்துறாங்க.”



“ஹனீன், உண்மையா?”

“ஆமா டீச்சர்.” ஹனீன் ஒரு பொத்தானை அழுத்தினாள். தங்கக் கரை மறைந்து புடவைக் கட்டுகள் வந்தன. அவற்றின் நடுவில் காத்தூன் பீவி குனிந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

சபாபதி நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். ஜெயித்த முகம். புனிதா ஒரு காலணியோடு, கணினி பக்கமாகக் காதைக் கொடுத்து நின்றாள்.

“பொய் சொல்றது பெரிய தப்பு ஹனீன்,” என்றார் டீச்சர். “அவ்வளவு அழகான ஹால்... எங்கேர்ந்து எடுத்த? யாரு வீடு அது?”

“ஷர்வினி வீடுதான் டீச்சர். தீபாவளி ஓபன் ஹவுஸ் விருந்துக்குப் போனப்ப எங்கம்மா எடுத்தாங்க. புனிதா ஆன்டி வீடு வெச்சிருக்கறத பாத்து எங்கம்மாவுக்கு ரொம்ப நாளா பொறாமை.”