பல்லு பாய் வாயைத் திறந்த நாள்

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே எந்தச் சந்தைக்கு வந்த வெள்ளாடாக இருந்தாலும், பல்லு பாயின் கட்டைவிரலைக் கடிக்காமல் திரும்பியிருக்க முடியாது. அவர் ஆட்டுத் தரகர். ஆட்டின் தாடையைப் பிடித்து உதட்டைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தால் போதும், அது பிறந்த மாதத்தைச் சொல்லிவிடுவார். கொஞ்சம் விட்டால் கிழமையையும் சொல்வார். பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்துத்தான் இருப்பார்கள். மல்லசமுத்திரத்தில் அது யாருக்கும் தெரியாது. தபால்காரரே, "பல்லு பாய் ஊடு எதுங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்.

நான் அப்போது அங்கே ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். பாய் எனக்குப் பக்கத்து வீடு. மனைவி இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே மகள் ஆத்தூரில் கைக்குழந்தையோடு இருந்தாள். அதனால் பேச்சுத் துணைக்கு என்னைப் பிடித்துக்கொண்டார்.

தொழில் புத்தி அவரை மனிதர்களிடமும் விடவில்லை. யாராவது சிரித்தால் முகத்தைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். தான் சிரித்தால் மட்டும் தோள்துண்டால் வாயை மூடிக்கொள்வார். எங்கள் சங்கத்துக்கு ஒரு செயலாளர் மாற்றலாகி வந்தார். தலைக்கு நல்ல கறுப்புச் சாயம், மடிப்புக் கலையாத சட்டை. வரவேற்புக் கூட்டத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்ததைக் கடைசி வரிசையிலிருந்து பார்த்த பாய் என் காதருகே குனிந்தார்.

"ஏனுங்க சார், இது எல்லாப் பல்லும் போட்டு, தேயவும் ஆரம்பிச்ச உருப்படிங்க. ரொம்ப நாளு கட்டி வெக்க முடியாது."

கொஞ்ச மாதத்தில் அதே செயலாளருக்கு ஓய்வுபெறும் விழா நடத்தினோம். அதற்குப் பிறகு என் மைத்துனனுக்குப் பெண் பார்க்கப் போனபோது, பாயும் கூட வருகிறேன் என்றார். என் மனைவி கும்பிட்டு மறுத்துவிட்டாள்.

அப்படிப்பட்டவருடைய வாயிலேயே கட்டி வந்தது.

கீழ்த்தாடையில், வலப்பக்கம். வருடக்கணக்காகப் புகையிலையை அடக்கி வைத்திருந்த அதே இடம். முதலில் கிராம்புத் தைலம் வைத்துப் பார்த்தார். அப்புறம் ஆட்டுக்கு வாய்ப்புண் வந்தால் போடுகிற மஞ்சளும் வேப்பெண்ணெயும். "ஆட்டுக்குக் கேக்குது, எனக்குக் கேக்காதுங்களா?" என்றார். கேட்கவில்லை. கன்னம் வெளியே தெரியும்படி வீங்கிய பிறகு என் மனைவி சத்தம் போட்டுத்தான் எங்கள் இருவரையும் சேலத்துக்குப் பஸ் ஏற்றினாள்.

டாக்டர் அறை வாசலில் பாய் என்னை நிறுத்திவிட்டார். "நீங்க இங்கயே உக்காருங்க சார். அடுத்தவங்க வாயப் பாக்கறது அசிங்கமுங்க." ஊர் வாயையெல்லாம் எண்ணியவர் இதைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது. டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். கட்டியை அறுத்தெடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். கெட்ட வியாதியாக இருக்கலாம். தள்ளிப்போடக் கூடாது. கை நரம்பில் மருந்து ஏற்றி, தூங்க வைத்தமாதிரி வைத்துச் செய்வார்கள்.

நர்ஸ் விவரம் சொன்னார். தளர்வான சட்டை போட்டு வர வேண்டும், துணைக்கு ஒரு ஆள் வேண்டும், அன்று முழுக்க வண்டி ஓட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் பாய் தலையாட்டினார். "முதல் நாள் ராத்திரிக்கு மேல எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணிகூடக் குடிக்கக் கூடாது" என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கெடாவுக்கே தண்ணி காட்டித்தானுங்க அறுப்போம். எனக்கு அதுவும் இல்லீங்களா?"

அறையில் யாரும் சிரிக்கவில்லை. அவரும் விடவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து டாக்டரின் கைமேல் போட்டு, அடியில் விரலைப் பிடித்தார். சந்தையில் பேரம் அப்படித்தான் நடக்கும், விலை வெளியே தெரியாது. இங்கே அவர் பேசியது பட்டினி நேரத்தை. நான்கு விரலை அழுத்தியிருக்கிறார். "நாலு மணி நேரத்துக்கு முடிச்சுக்கலாமுங்க." டாக்டர் கையை உருவிக்கொண்டு, "முடியாது பாய்" என்றார்.

நர்ஸ் சமாதானத்துக்கு வந்தார். "நோன்பு இருப்பீங்கள்ல பாய்? அதே மாதிரின்னு நெனச்சுக்கோங்க."

பாயின் முகம் தெளிந்துவிட்டது. "அத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல சாமி? முப்பது நோன்புல ஒண்ணுகூட விட்டதில்லை நானு."

தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் கறி தின்னாமல் இருப்பதையே பெரிய தியாகமாகப் பேசித் திரியும் கத்தோலிக்கன் நான். எனக்கு அவர்மேல் மரியாதை கூடிப்போனது.

குறித்த நாள் காலையில் முதல் பஸ்ஸில் போனோம். வழி நெடுகப் பாய் ஜன்னலுக்கு வெளியே துப்பிக்கொண்டே வந்தார். "எச்சில்கூட முழுங்கக் கூடாதுங்க சார்" என்றார். இப்படி ஒரு ஒழுங்கான நோயாளியை அந்த ஆஸ்பத்திரி பார்த்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

படுக்கவைத்துக் கையில் ஊசி குத்தி நாடா ஒட்டிவிட்டார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்து கேட்டார்.

"ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"நோன்புங்க."

"கடைசியா சாப்பிட்டது எப்ப?"

"சஹருக்குத்தானுங்க. விடியக்காலம், பாங்குக்கு முன்னால. பால்ல ஊற வெச்ச ரொட்டி, ரெண்டு முட்டை, ஒரு சொம்புத் தண்ணி. இன்னிக்கு நோன்புன்னு மனசுல நிய்யத்தும் வெச்சாச்சு."

நோன்பு என்றால் விடியுமுன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் தொடங்கும் என்பது நர்ஸுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பாய் தன் கணக்குப்படி ஒரு குறையும் வைக்கவில்லை. டாக்டரம்மா கையிலிருந்த மருந்தை அப்படியே தட்டில் வைத்தார். "மயக்கத்துல இந்தச் சாப்பாடு மேல ஏறி மூச்சுக்குழாய்க்குள்ள போனா, உங்கள எழுப்பவே முடியாது பாய்" என்றார். சத்தமே போடவில்லை.

அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அந்த ஒரு வாரத்தில் கட்டி உடைந்து புண்ணாகிவிட்டது. கஞ்சி இறங்கவில்லை. பாய் சந்தைக்குப் போகவில்லை. அடுத்த வீட்டிலிருந்து ராத்திரி முனகல் கேட்கும்.

இரண்டாம் முறை சஹர் கிடையாது. வெறும் வயிற்றோடு சுருண்டு வந்தார். ஏழெட்டுப் பேர் படுத்திருந்த அறையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. நர்ஸ் வந்து, "பாய், பல் செட்டக் கழட்டிக் குடுத்துருங்க. மயக்கத்துல தொண்டைக்குள்ள போயிரும்" என்று சொல்லும்வரை.

பல் செட்டா? மேல் வரிசை முழுக்கக் கட்டுப் பல்லாம். என்னை ஏன் டாக்டர் அறை வாசலிலேயே நிறுத்தினார் என்பதும், சிரிக்கும்போதெல்லாம் துண்டு ஏன் வாய்க்குப் போனது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

பாய் எழுந்து சட்டையைத் தேடினார். "கெளம்பலாமுங்க சார்."

"கட்டி?"

"அது கெடக்குது உடுங்க."

எனக்கு வந்த கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. "உசுருக்கு மல்லுக்கட்டிட்டு இருக்கோம். நீங்க பல்லப் பத்திப் பேசறீங்க."

"உசுரு போனா எனக்குத் தெரியாதுங்க. பல்லு போனது ஊருக்குத் தெரிஞ்சு போயிரும்." மெதுவாகத்தான் சொன்னார். "பல்லுப் போன ஆட்ட எவனும் திரும்பிப் பாக்க மாட்டான் சார். சந்தையில எத்தன கெழட்டு ஆட்ட நானே ஒதுக்கி உட்ருக்கேன். வெலை கேக்கவே ஆளில்லாம நிக்குமுங்க அதுக."

பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு வாரம் போனால் இவர் பிழைக்க மாட்டார் என்பது அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு எப்படித் தோன்றியதோ, அவர் துண்டை எடுத்து என் கைமேல் போட்டு நீட்டினேன். கத்தரிக்காய்க்குக்கூடப் பேரம் பேசத் தெரியாத கை அது. பாய் அதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். துண்டுக்கடியில் என் உள்ளங்கையில் ஈரமாக, வெதுவெதுப்பாக ஒன்று வந்து விழுந்தது. யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்காமல் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன்.

"சரி, ஊசியப் போடச் சொல்லுங்க" என்றார். குரல் குழறியது.

அன்று அறுவை நல்லபடியாக முடிந்தது. சோதனை முடிவுதான் நாங்கள் பயந்தபடியே வந்தது. கோயம்புத்தூரில் இன்னொரு பெரிய அறுவை செய்து தாடையில் ஒரு பகுதியை எடுத்தார்கள். அதற்குப் பின் வாய் கோணிப்போய், அந்தச் செட் வாயில் நிற்கவில்லை. சந்தைப் பக்கம் அவர் போகவே இல்லை. வீட்டுக்குப் பார்க்க வந்த தரகர்களிடம், டாக்டர் பேசக் கூடாது என்று சொல்லியிருப்பதாக நானே பொய் சொல்லித் திருப்பி அனுப்பினேன். ஒரு வருடம் இருந்தார். ரம்ஜான் பிறை தெரிவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் போய்விட்டார்.

அந்த ஒரு வருடமும் ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். என் மனைவி சோற்றைக் குழைய வடித்து, ரசம் விட்டு மசித்து வைப்பாள். முதல் சில நாட்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார். அப்புறம் ஒருநாள் எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அவள் எதற்கோ என்னைத் திட்ட, பாய் வாயை மூடாமல் சிரித்துவிட்டார். மேலே ஒன்றுமில்லை, கீழே பாதி இல்லை. அந்தச் சிரிப்பைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே நான் தினமும் அவளிடம் ஏதாவது சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.