இடது பக்கத்துக் கிளட்ச்

"வண்டி நல்ல வண்டிதான். ஓட்டறவருக்குத்தான் கால் சரியில்ல."

காருக்கு அடியில் படுத்தபடி மெக்கானிக் மாதவன் தன் கூட்டாளியிடம் சொன்னது இது. நான் டீக்கடைக்குப் போய்விட்டதாக நினைத்திருக்கிறான். நான் டம்ளரோடு பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

ஓசூர் தொழிற்சாலையில் பிரஸ் மெஷினையே காலால் மிதித்து ஆள்கிறவன் நான். என் காலுக்கா இந்தப் பெயர்?

கிளட்ச் பிளேட் இப்படித் தேய்ந்ததற்குக் குற்றவாளி யாரென்று எனக்குத் தெரியும். எங்கள் கார் முன்பு டிரைவிங் ஸ்கூலில் இருந்தது. சொல்லிக்கொடுப்பவருக்காக இடது பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் வைத்திருந்தார்கள். மலிவாக வந்ததால் அப்படியே வாங்கிவிட்டேன். அந்த சீட்டில் உட்காருபவள் என் மனைவி மேரிராணி. கிளட்ச் மேல் பாதத்தை வைத்துக்கொண்டுதான் ஊர் பார்ப்பாள். கால் வைக்க வாகாக இருக்கிறதாம். பிளேட் தேயாமல் என்ன செய்யும்?

அதையாவது பொறுக்கலாம். கிருஷ்ணகிரியில் அவள் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் குந்தாரப்பள்ளி சந்தையைக் கண்டதும் இரண்டையும் சேர்த்து மிதிப்பாள். வண்டி நிற்கும். பின் சீட்டில் நாட்டுக்கோழி ஏறும்.

கிருஷ்ணகிரியில் மச்சான் டெல்வினின் புது வீட்டை ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி மந்திரிக்கும் நாள் வந்தது. அன்று சந்தையும் கூடும். இந்த முறை நிற்காமல் போவது என்று முடிவெடுத்தேன். முந்தின நாள் மாதவனைத் தனியாக அழைத்து, இடது பக்க இணைப்பைக் கழற்றிவிடு, பெடல் மட்டும் பார்வைக்கு இருக்கட்டும் என்றேன். அண்ணிக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரியவே கூடாது என்று சொல்லி ஷிஃப்டுக்குப் போய்விட்டேன்.

காலையில் பக்கத்து வீட்டு சுசித்ரா பார்க்க, கம்பீரமாக சாவியைத் திருகினேன். கிளட்சை மிதித்தேன். பெடல் தரையோடு போய்ப் படுத்துக்கொண்டது. கியர் போட்டால் கரகரவென்று கத்தியது.

"ஏன் சார், ஓட்ட மறந்துட்டீங்களா?" என்றார் சுசித்ரா.

மேரிராணி புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். "எங்கிட்ட சொல்லுங்க. நான் மிதிக்கறேன்."

"எது?"

"கிளட்சுங்க. நேத்து மாதவன் உங்களுக்கு போன் பண்ணியிருக்கான். உங்க கம்பெனியிலதான் போனை லாக்கர்ல போட்டுப் பூட்டிடுவாங்களே. எந்தப் பக்கம் கழட்டறதுன்னு சந்தேகமாம். வீட்டு நம்பருக்கு அடிச்சான்."

"நீ என்ன சொன்ன?"

"வலது பக்கம்னேன். அவருக்குத்தான் கால் சரியில்லையேன்னு அவனே சொன்னான். பிரேக் மட்டும் ரெண்டு பக்கமும் இருக்கட்டும்னேன். உயிர் முக்கியம் இல்லீங்களா?"

ஃபாதர் வரும் நேரமாகிவிட்டது. மாதவன் ஷெட் திறக்கவில்லை. சூளகிரி வரை ஒவ்வொரு கியருக்கும் அவளிடம் கெஞ்சினேன். அதற்குப் பிறகு கெஞ்சவும் வேண்டியிருக்கவில்லை. எஞ்சின் சத்தத்தை வைத்து அவளே மிதித்தாள். எப்போது மாற்ற வேண்டும் என்று எனக்குச் சொல்லவும் செய்தாள்.

குந்தாரப்பள்ளி வந்தது. நான் கண்ணைச் சாலையிலேயே வைத்திருந்தேன். வண்டி நின்றது.

"நியூட்ரல் போட்டுட்டு இருங்க," என்று இறங்கிப் போனாள்.

அவள் கால் இல்லாமல் வண்டி ஓர் அடி நகராது. பின்னால் மாட்டு வண்டிக்காரர்கூட என்னைத் திட்டிவிட்டுச் சுற்றிப் போனார். வெயில் ஏறியது.

மேரிராணி ஒரு வெள்ளாட்டுக் குட்டியோடு வந்தாள். அதை என் மடியில் வைத்தாள். சுற்றி வந்து இடது சீட்டில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கிளட்சை மிதித்தாள்.

நான் முதல் கியரைப் போட்டேன்.