எலுமிச்சை ஏறிய பொம்மை லாரிகள்

1983ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பதினான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். மலேசியாவின் ஈப்போ நகரில், குனோங் ராபாட் சுண்ணாம்புக் குன்றுகளின்மேல் மேகம் இல்லை, காற்றும் இல்லை. வெயில் மட்டும் தன் கடமையைத் தவறாமல் செய்துகொண்டிருந்தது. சிலிபின் தொழிலாளர் மண்டபத்து வாசலில் நூற்றிருபது பேர் வரிசையில் நின்றனர். ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு லாரி இருந்தது.

தீப்பெட்டி நீளம், பிளாஸ்டிக் உடம்பு, பச்சை வண்ணம். உள்ளே ஐந்து சிப்பாய்கள், ஒவ்வொருவரும் விரற்கணு உயரம்.

ஈப்போவை அப்போது போர் விளையாட்டுப் பித்துப் பிடித்திருந்தது. மேசைமேல் அட்டைக் குன்றுகளை வைத்து, சிப்பாய்களை அளவுகோலால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சுட வேண்டும். சிப்பாய்கள் மூடிய உறைகளில் வருவார்கள். பிரித்தால்தான் உள்ளே யார் என்று தெரியும். அரிய சிப்பாய் கிடைத்தவருக்கு ஒரு வாரம் கால் தரையில் பாவாது.

லாரியில் ஏறிய சிப்பாய் விரைவாகப் போவான். ஆனால் சுட முடியாது. லாரி அடிபட்டால் உள்ளிருப்போருக்காகப் பகடை உருட்ட வேண்டும். ஐந்தோ ஆறோ விழுந்தால் பிழைப்பார்கள். மற்ற எண் விழுந்தால் ஐவரும் பெட்டிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத்தில் லாரியேறி வேலைக்குப் போனவர்கள். கங்காணி கைகாட்டும்வரை லாரியைவிட்டு இறங்கக் கூடாது என்பது அவர்களுக்கு ஊறிப்போன ஒழுங்கு. அதே ஒழுங்குடன் பொம்மைச் சிப்பாய்களையும் பீரங்கி வாய்வரை லாரியிலேயே உட்கார வைத்தார்கள். லாரிகள் வெடித்தன. ஏன் இறக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. யார் கண் பட்டது என்று அனைவரும் கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு விடையாக எழுந்தருளியவர் வாகனச் சித்தர் அப்பாவு.

புதுக் காருக்கு எலுமிச்சை வைப்பதுபோல் பொம்மை லாரிக்கும் அவர் எலுமிச்சை வைத்தார். இருப்பதிலேயே சிறிய கஸ்தூரி எலுமிச்சையும் சக்கரத்தைவிட மூன்று மடங்கு உயரம். ஆதலால் நசுக்கும் பணியைச் சித்தரின் கட்டைவிரல் ஏற்றுக்கொண்டது. காணிக்கையாக அவர் பணம் வாங்குவதில்லை. ஒரு வண்டிக்கு ஒரு சிப்பாய். அதையும் அவரே தேர்ந்தெடுப்பார். தெய்வத்துக்கு எப்போதும் அரிய சிப்பாயே பிடித்துப்போனது தற்செயலாம்.

"சாமி கட்டுன லாரி கோட்டை மாதிரிலா," என்றார் பேருந்து நடத்துநர் மாயாண்டி. ஈப்போவிலேயே ஒன்றே ஒன்றான கொம்பூதும் சிப்பாயைக் காணிக்கையாகக் கொடுத்தவர் அவர்.

"அப்புறம் ஏண்ணே போன வாரம் உங்க லாரி மூணும் வெடிச்சிச்சு?" என்று கேட்டாள் நவமணி.

"எனக்கு நம்பிக்க பத்தலையாம். சாமி சொல்லிட்டாரு."

நவமணி பள்ளி ஆய்வுக்கூட உதவியாளர். விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். மண்டபத்தின் பின்னறையில் கழகத்தின் மேசையை ஆறு ஆண்டுகளாகக் காத்துவந்தவள். அந்த அறையைத்தான் சித்தர் இப்போது பூசை மேடைக்காகக் கேட்டார். கூட்டமோ கொடு கொடு என்றது. மண்டபத் தலைவர் உடையப்பன் எந்தப் பக்கமும் சாயாமல் பதவி காத்தவர்.

"சாமியும் தங்கச்சியும் ஒரு ஆட்டம் ஆடுங்க. மேச நடுவுல இருக்குற பாலத்த யாரு புடிக்கிறாங்களோ, அறை அவங்களுக்கு. கையெழுத்துப் போட்டே கொடுத்திர்றேன்," என்றார் அவர்.

தோற்றால் கழகம் தெருவுக்கு. நவமணி தன் லாரிகளை மேசையில் அடுக்கினாள்.

ஆட்டம் தொடங்கியது. சித்தரின் ஆறு லாரிகள் முழுச் சுமையுடன் சமவெளியில் புறப்பட்டன. நவமணியின் லாரிகள் பாலத்துக்கு அருகிலிருந்த குன்றின் பின்னே விரைந்து நின்றன. அவள் சிப்பாய்களை ஒவ்வொருவராக இறக்கினாள்.

"எறங்கிட்டாங்கடா! பயந்தாங்கொள்ளிப் படை!" என்று கூட்டம் கைகொட்டியது.

அவளுடைய பீரங்கி முதல் லாரியை அடித்தது. சித்தர் கண்மூடித் தம் சொந்தப் பகடையை உருட்டினார். ஆறு! இரண்டாம் லாரி அடிபட்டது. ஆறு! மூன்றாவது. ஆறு! மாயாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாரோ கற்பூரம் ஏற்ற, அட்டைக் குன்றின் ஓரம் கருகியது.

"சாமி, கழகப் பகடையால ஒரு தடவ உருட்டுங்களேன்."

"தீட்டு!"

"சரி. உங்க பகடைய நான் உருட்டுறேன்." சித்தர் கை நீட்டுமுன் எடுத்து உருட்டினாள். ஆறு. "என் லாரிக்கு எலுமிச்சை வைக்கலையே சாமி?"

கூட்டத்தின் பின்வரிசையில் ஒருவர் தலையைச் சொறிந்தார். மண்டபத்தில் அன்று நிகழ்ந்த முதல் சிந்தனை அதுவே.

நவமணி எதிரிலிருந்த குளிர்பானக் கடை அமீரை அழைத்தாள். "அமீர் அண்ணே, உயரமான கிளாஸுல தண்ணி ஒண்ணு."

"ரோஸ் சிராப் ஊத்தவா, ஐஸ் போடவா?"

"வெறும் தண்ணி. பகடைக்குத்தான் குளிப்பாட்டு."

சித்தரின் பகடையை நீரில் போட்டாள். அது மிதந்து இறங்கி, பாதி வழியில் புரண்டு, ஆறு மேலே தெரிய அடியில் அமர்ந்தது. எந்த முகம் மேலிருக்கப் போட்டாலும் பத்து முறையும் அதே புரளல், அதே ஆறு. கழகப் பகடையைப் போட்டாள். இரண்டு, ஐந்து, ஒன்று, ஐந்து, மூன்று.

"தண்ணீருக்கும் என் அருள் பாய்கிறது!" என்றார் சித்தர். குரல் சற்று ஈரமாக இருந்தது.

"அப்படியா?" என்றார் அமீர். பனிக்கட்டி உடைக்கும் சுத்தியலைக் கொண்டுவந்து பகடைமேல் ஒரு போடு போட்டார். அருள் இரண்டாகப் பிளந்தது. ஒன்று என்ற முகத்தின் உட்புறத்திலிருந்து தூண்டில் ஈயக்குண்டு ஒன்று உருண்டோடி மாயாண்டியின் காலடியில் நின்றது.

"சாமிக்கு மீன் புடிக்கத் தெரியுங்க," என்றார் அமீர். "இங்க நூத்திருவது மீனு!"

சித்தர் பையை எடுத்தார். வழி அடைபட்டிருந்தது.

"ஆடிட்டுப் போலாம் சாமி, என்ன அவசரம்?" என்று உடையப்பன் கழகப் பகடையை நீட்டினார்.

நான்காம் லாரி: இரண்டு. ஐந்தாம் லாரி: ஒன்று. ஆறாம் லாரி: மூன்று. முன்பு பிழைத்த லாரிகளும் மறுபடி அடிபட்டு எரிந்தன. முப்பது சிப்பாய்களில் ஒருவன்கூட ஒரு குண்டும் சுடவில்லை. அனைவரும் உட்கார்ந்த நிலையிலேயே வீரமரணம் எய்தினர். குன்றின் பின்னே காத்திருந்த பயந்தாங்கொள்ளிப் படை நடந்துபோய்ப் பாலத்தில் ஏறியது.

மண்டபம் அதிர்ந்தது. தள்ளுமுள்ளில் சித்தரின் பை கவிழ்ந்தது. காணிக்கைச் சிப்பாய்கள் கொட்டினார்கள். ஒவ்வொருவன் முதுகிலும் விலைச்சீட்டு. கொம்பூதியைக் கண்டெடுத்த மாயாண்டி, "என் புள்ள!" என்று முத்தமிட்டார். சிரிப்பும் ஏச்சுமாக எல்லோரும் தரையில் மண்டியிட்டுச் சிப்பாய் பொறுக்குகையில், சித்தர் பின்வாசலால் இறங்கி ஓடினார். அந்தக் கூட்டத்தில் அதுவரை லாரியைவிட்டுச் சரியான நேரத்தில் இறங்கியவர் நவமணிக்குப்பின் அவர் ஒருவரே.

உடையப்பன் தாளில் மூன்று வரி எழுதினார். அதற்குள் மாயாண்டி நவமணியின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, உங்க பகடைய ஒரே ஒரு தடவ தொட்டுக் கும்பிட்டுக்கவா? ராசியான பகடை மாதிரி தெரியுது."

அவருக்குப் பின்னால் ஏற்கெனவே பதினோரு பேர் வரிசையில் நின்றனர். ஒருவர் கையில் கஸ்தூரி எலுமிச்சை.

நவமணி பகடையைச் சட்டென்று கைப்பையில் போட்டு மூடினாள்.

"பகடைக்கு மூளை கிடையாதுண்ணே. உங்களுக்கு இருக்கு. அதயும் சிப்பாய் மாதிரி அடுத்தவன் லாரியிலயே உட்கார வச்சிராதீங்க. கொஞ்சம் எறக்கி நடக்க விடுங்க."

பதினோரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். உடையப்பன் கையெழுத்திட்டு, தேதியிட்டு, மை உலர ஊதி, பின்னறை கழகத்துக்கே என்ற தீர்மானத்தை அவள் கையில் கொடுத்தார்.