அமைதிக்கு வந்த அரிப்பு

உலகில் அமைதியை நிலைநாட்டியவர்கள் என்று எத்தனையோ பேரைச் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவராவது அமைதிக்கு மாதாமாதம் தீனி வாங்கிப் போட்டதுண்டா? எங்கள் மேலாளர் போட்டார், அலுவலகச் செலவில்.

அமைதி என்பது ஒரு சாம்பல் நிறப் பூனை. ஊழியர்கள் பூனையைத் தடவிக்கொடுத்தால் மன அழுத்தம் குறையும், சம்பளத்தைக் கூட்ட வேண்டியதில்லை என்று ஏதோ பயிலரங்கில் கேட்டுவிட்டு வந்த மேலாளர், அதற்கு 'மகிழ்ச்சி அலுவலர்' என்று பதவியே கொடுத்தார். காலையில் வரவேற்பாளர் பெண்ணின் மடி, மதியத்துக்கு மேல் மேலாளர் அறையிலுள்ள சோபா. இந்த இரண்டு இடங்களில் அது பணியாற்றியது. வாசற்படியைத் தாண்டியதே இல்லை.

பிறகு அமைதி சொறிய ஆரம்பித்தது. கூடவே நாங்களும்.

"சார், பூனைக்குத் தெள்ளுப்பூச்சி வந்திருக்கு. ரோமத்தை விலக்கினா துள்ளித் துள்ளி ஓடுது," என்றார் வரவேற்பாளர்.

மேலாளர் உடனே கூட்டம் கூட்டினார். "நம்ம ஆபீஸ்ல தெள்ளு இல்லைங்கிறது தெள்ளத் தெளிவு," என்றார், ஒரு காலால் மறு காலைத் தேய்த்தபடி. "இது வேலை மேல இருக்கிற ஆர்வம். ஆர்வம் வந்தா உடம்பு பரபரன்னுதான் இருக்கும்."

எவ்வளவு ஆழமான பார்வை! கணக்காளர் மட்டும், "எனக்கு முதுகுலகூட ஆர்வம் வந்திருக்கு சார்," என்றார்.

வரவேற்பாளர் விடவில்லை. கால்நடை மருத்துவரையே கூட்டி வந்துவிட்டார். அவர் நெருக்கமான பல் வைத்த சீப்பால் அமைதியின் முதுகைச் சீவி, உதிர்ந்த கறுப்புப் பொடியை ஈரப் பஞ்சில் தட்டினார். பஞ்சு சிவந்தது.

"தெள்ளோட எச்சம். எல்லாம் இந்தப் பூனையோட ரத்தம்," என்றார். "பூனைக்குன்னு இருக்கிற மருந்தை வாங்கிப் பிடரியில விடுங்க. ஆனா பூச்சி பூனை மேல கொஞ்சம்தான். முட்டையெல்லாம் அது படுக்கிற சோபாவுல இருக்கும், அதை முதல்ல சுத்தம் பண்ணுங்க. ஆமா, வெளியவே போகாத பூனைக்கு இது எப்படி வந்துச்சு? யார் வீட்டுலயாவது நாய் இருக்கா?"

அறையில் அமைதி நிலவியது. பூனையைச் சொல்லவில்லை, மற்றதைச் சொல்கிறேன்.

மருத்துவர் போனதும் மேலாளர் தம் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார். "எதுக்கு வீண் செலவு? எங்க வீட்டு நாய்க்கு வாங்கினது மிச்சம் இருக்கு. போன மாசம் பூரா அது என் மடியில உட்கார்ந்து ஒரே சொறி. ரெண்டு சொட்டு விட்டேன், போயே போச்சு."

வரவேற்பாளர் குப்பியை வாங்கிப் பார்த்தார். "பூனைக்குப் போடக் கூடாதுன்னு படமே போட்டிருக்கு சார்! இது பூனைக்கு விஷம். வலிப்பு வந்து செத்துடும்."

எங்கள் மேலாளர் இதற்கெல்லாம் அசருகிற ஆளா? அங்கேயே ஒரு தீர்மானம் கொண்டு வந்தார்: 'மருந்து தொடர்பான காரியங்களுக்கு மட்டும், அமைதி நாயாகக் கருதப்படும்.'

"அது அமைதிக்குத் தெரியாதே சார்!" என்றார் வரவேற்பாளர்.

"நோட்டீஸ் போர்டுல ஒட்டிடலாம்."

கைகள் உயர்ந்தன. பாதி, தலையைச் சொறிய உயர்ந்தவை. அவையும் ஆதரவாகவே கொள்ளப்பட்டன. மேலாளர் குப்பியைத் திறந்தார். அமைதி பாவம், தீனி என்று நினைத்து அவர் கையை முகர்ந்தது.

வரவேற்பாளர் பாய்ந்து வந்து பூனையை வாரி எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இப்படியே வெளிய போனா திரும்பி வர வேண்டாம்மா."

"வரமாட்டேன் சார். எனக்கு எல்லாக் காரியத்துக்கும் இது பூனைதான்."

அமைதி போன பிறகு மேலாளருக்கு 'தெள்ளு ஒழிப்பு வீரர்' என்று தலைமை அலுவலகம் சால்வை போர்த்தியது. சால்வையை அவர் சோபாவில் விரித்துவிட்டார். அந்தச் சோபாவைச் சுத்தம் செய்யச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. வரவேற்பாளர் வீட்டில் அமைதிக்கு ரோமம் மீண்டும் பளபளக்கிறதாம். அந்தப் பெண்ணுக்குத்தான் இன்னும் வேலை கிடைக்கவில்லை. அவருடைய நாற்காலி இங்கே காலியாகவே கிடக்கிறது. பூனையும் இல்லாததால் தெள்ளுகள் இப்போது எங்களை நம்பித்தான் குடித்தனம் நடத்துகின்றன.

குப்பியில் மருந்து இன்னும் மிச்சம் இருக்கிறது. எதையும் வீணாக்கக் கூடாது என்பது மேலாளரின் உயர்ந்த கொள்கை. அதை மதித்து, அடுத்த கூட்டத்தில் நானும் ஒரு தீர்மானம் கொண்டு வருகிறேன்: மருந்து தொடர்பான காரியங்களுக்கு மட்டும், மேலாளர் நாயாகக் கருதப்படுவார்.

மற்ற காரியங்களுக்குத் தீர்மானமே தேவையில்லை.