ராஜவீதியில் முக்காடு போட்ட சிலை

ஒரு காட்டில் ராஜவீதி என்று ஒரு பழைய வீதி இருந்தது. இரண்டு பக்கமும் மாளிகை மாதிரி குகைகள், குகைக்கொரு சிலை. செத்துப்போன சிங்கங்கள் எல்லாம் அங்கே கல்லாக நின்று கையை நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருந்தன. எதை என்று உயிரோடிருந்த யாரும் கேட்டதில்லை.

வீதியின் கடைக்கோடியில் பஞ்சவர்ணம் என்ற முள்ளம்பன்றி, தாத்தா தோண்டிய வளையில் மூன்று குட்டிகளோடு குடியிருந்தாள். ஒருநாள் நரி அதிகாரி வந்து வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்.

"ரோட்டை அகலப்படுத்துறோம். ஏழு நாள்ல காலி பண்ணும்மா."

"குட்டிங்களுக்கு இன்னும் முள்ளுகூட விறைக்கலைங்க ஐயா."

"அதுக்கு ரோடு என்னம்மா பண்ணும்?"

ஆனால் ஒன்றைப் பஞ்சவர்ணம் நெடுநாளாகப் பார்த்துவைத்திருந்தாள். இவர்கள் வீட்டை இடிப்பார்கள், மரத்தை வெட்டுவார்கள், சிலை குறுக்கே வந்தால் மட்டும் வீதியை வளைத்துக்கொண்டு போவார்கள். அன்றே புற்றுமண்ணைக் குழைத்து ஓர் உருவம் பிடித்து வாசலில் நிறுத்தினாள். முகம் செய்ய அவளுக்கு வரவில்லை. அதனால் தலையோடு துணியைப் போர்த்திவிட்டாள்.

ஏழாம் நாள் இடிக்க வந்த யானை நின்றுவிட்டது. "யாரு சிலை இது?" என்றார் கூட வந்த நரி.

"உங்களுக்கே தெரியாதா?" என்றாள் பஞ்சவர்ணம், மனம் நொந்தவள் போல.

தெரியாது என்று சொல்ல நரிக்குத் தைரியமில்லை. யாருடைய தலைவரோ, யாருக்குக் கோபம் வருமோ. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். வீதி வளைந்து போனது.

அடுத்த வாரம் கரடிகள் மாலையோடு வந்து, 'எங்கள் பாட்டனார்' என்றன. காட்டுப்பன்றிகள் அதைவிடப் பெரிய மாலையோடு வந்து, 'எங்கள் பாட்டனார்' என்றன. இரண்டு கூட்டமும் முட்டிக்கொண்டதில் சிலைக்கு இரும்புக்கூண்டும் ஓநாய்க் காவலும் கிடைத்தன.

பின்னாலேயே நரி இன்னொரு நோட்டீஸோடு வந்தார். "தலைவர் பிறந்த வீடும்மா இது. நினைவில்லம் ஆக்குறோம். காலி பண்ணு."

"ஐயா, அது நான் புத்துமண்ணுல பிடிச்ச பொம்மைங்க."

"ஊரே மாலை போட்டவரைப் பொம்மைங்கறியா? கரடிங்க காதுல விழுந்தா உன் உடம்புல ஒரு முள்ளு மிஞ்சாது."

திறப்பு விழாவன்று பஞ்சவர்ணம் குட்டிகளோடு வரிசையில் நின்று உள்ளே போனாள். அவர்கள் படுத்திருந்த மூலையில் 'தலைவர் தவழ்ந்த இடம்' என்று பலகை தொங்கியது. கடைக்குட்டி ஓடிப்போய்த் தன் பழைய படுக்கையில் சுருண்டுகொண்டது.

காவல் ஓநாய் அதட்டியது. "எந்திரி பாப்பா. இது பெரியவங்க வீடு."

நீதி: வீடு நிலைக்க வேண்டுமென்றால் வாசலில் சிலை வைக்காதே, நீயே சிலையாகி நில். உயிரோடிருப்பவர்களுக்கு ராஜவீதியில் பட்டா கிடையாது.