அம்மாவாசை ஹாப்கின்ஸ் வம்சம்

ஐம்பத்தெட்டாம் வயதில் சுப்பராயன் ஒரு பெரிய முடிவெடுத்தார். வாசலில் இருக்கும் 'தனக்கொடி இல்லம்' பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு, பித்தளையில் தன் பெயரை மாட்டுவது.

காரணம் இல்லாமல் இல்லை. முப்பது வருஷம் அரசாங்க ஆபீசில் ஃபைல் தள்ளிய மனுஷனை அந்தத் தெருவில் ஒருவரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'தனக்கொடி அக்கா வீட்டுக்காரர்', அவ்வளவுதான். அப்படியானால் நான் யார் என்று மொட்டைமாடியில் உலாத்தியபடி யோசிப்பார். பதில் போன வாரம் கிடைத்தது. மேரி என்று பெரியவர்கள் சொல்லும் நகராட்சியில் எடுத்த பிரெஞ்சு ஆட்சிக் காலத்துப் பழைய பதிவில், அவருடைய கொள்ளுத்தாத்தா பெயர் இருந்தது: அம்மாவாசை ஹாப்கின்ஸ்.

"அந்தக் காலத்துல குடும்பப் பேருன்னு ஒண்ணு எழுதிக் குடுத்தா, பிரெஞ்சுக்காரங்க நம்மளையும் அவங்க சட்டத்துல சேத்துக்குவாங்க. அப்ப எழுதினது" என்றார்.

மனைவி தனக்கொடி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "பிரெஞ்சுக்காரங்கிட்ட போயி இங்கிலீஷ் பேரையா?"

"அங்கதான் விஷயம். ராபர்ட்ட செல்லமா ஹாப்னு கூப்புடுவாங்களாம். அந்த ஹாப் வம்சம்தான் ஹாப்கின்ஸ்."

"ஒங்க வம்சத்துல ராபர்ட்டு யாரு?"

"யாரோ கப்பல் கேப்டன். கடல் நம்ம ரத்தத்துல இருக்கு."

"சுண்ணாம்பாத்துல படகு ஏறினதுக்கே வாந்தி எடுத்தீங்க."

அதற்கு மேல் சண்டை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

பலகை செய்யும் அன்வருதீன் அளவெடுக்க வந்தார். அவருக்கு டீ கொடுத்துவிட்டுத் தனக்கொடி கணவரிடம் சொன்னாள்: "பரண்ல ஒரு இரும்புப் பெட்டி இருக்கு. எறக்குங்க."

இறக்கித் தூசி துடைத்தால், மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில், இங்கிலீஷில், ஹாப்கின்ஸ்.

சுப்பராயன் மூடியைத் தட்டிக் காட்டினார். "பாய், பாத்தீங்களா. கேப்டன் பெட்டி."

"அப்ப பேரு இந்தப் பெட்டிலேர்ந்துதான் வந்துச்சி" என்றாள் தனக்கொடி.

"சந்தேகமே இல்ல."

"பெட்டி யாருதோ அவங்க பேருதான் வாசல்ல வரணும்?"

"அதான் நியாயம். பாய் சாட்சி."

அவள் மூடியைத் திறந்தாள். உள்பக்கம் பழுப்பேறிய காகிதம் ஒட்டியிருந்தது. அன்வருதீன் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்: "செல்வாம்பாளுக்கு அவள் தகப்பனார் கப்பல் சாமான் ஏலத்தில் எடுத்துக் கொடுத்த சீர்ப்பெட்டி."

"செல்வாம்பாள் யாரு?" சுப்பராயன் குரல் இறங்கிவிட்டது.

"அம்மாவாசை பொண்டாட்டி. பத்திரத்தையெல்லாம் இதுல வச்சித் தூக்கிட்டு மேரிக்குப் போனாராம். குடும்பப் பேரு என்னான்னு கேட்டதும் முழிச்சிருக்காரு. குமாஸ்தா மூடியப் பாத்து எழுதிட்டான். இந்தக் கதையச் சொல்லித்தான் அத்தை எனக்குப் பெட்டியக் குடுத்தாங்க. மாமியாகிட்டேர்ந்து மருமவளுக்கு வர்ற பெட்டி இது."

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க ஒரு சாட்சி வைக்கட்டும்னு இருந்தேன்."

அன்வருதீன் டீ கிளாஸால் வாயை மறைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் பித்தளைப் பலகை பளபளவென்று வந்தது. தனக்கொடி ஹாப்கின்ஸ். சுப்பராயனே ஸ்டூலில் ஏறி ஸ்க்ரூ முடுக்கினார். கடைசி ஸ்க்ரூ இறங்கும்போது கீழே ஒரு புதிய சிலிண்டர்காரர் வந்து நின்று, பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"சார், ஹாப்கின்ஸ் அம்மா வீட்டுக்காரர் நீங்கதானே?"